உள்ளே போனால்தான் தெரியும்

கேம்ப் ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் நானும் அக்காவும் நின்றுகொண்டிருந்தோம். பைக்கில் வந்த ஒருவர் வண்டியை ஓரம்கட்டி, "மேடவாக்கம் போற வழி இதானேக்கா?" என்று கேட்டார்.

அக்கா அந்தப் பகுதியில் இருபது வருஷமாகக் குடியிருந்தவர். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "நேத்து சாயந்திரம் வரைக்கும் இதான். இன்னிக்குத் தோண்டி வச்சிகீறாங்களான்னு தெரியாது" என்றார்.

பைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ரோட்டைப் பார்த்தார். பைக்காரர் அந்த வழியாகவே போனார். திரும்பி வரவில்லை.

"அப்ப ரோடு நல்லாத்தான் இருக்கு போல" என்றேன்.

"அது எப்டி தெரியும்?" என்றார் அக்கா.

அக்கா எனக்கு ஸ்கூபா டைவிங் சொல்லித் தந்தவர். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு அடியில் போகிற வித்தை. கடலில் அல்ல. தாம்பரத்தைத் தாண்டி ஒரு பழைய கல்குவாரியில். கல் உடைப்பதை நிறுத்திய பிறகு ஊற்றும் மழையுமாகச் சேர்ந்து அது நிரம்பிவிட்டது. ஊர்க்காரர்கள் அதைக் குட்டை என்பார்கள். பக்கத்தில் அபார்ட்மென்ட் கட்டியவர்கள் விளம்பரத்தில் ஏரி என்று போட்டார்கள். எங்களுக்கு அது குவாரி. கரையிலிருந்து பார்த்தால் பச்சைத் தண்ணீர், அதைச் சுற்றிச் செங்குத்தாக வெட்டிய பாறை, அதற்கு மேல் யாருடைய பால்கனியிலோ காயும் துணி. அவ்வளவுதான் இயற்கைக் காட்சி.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு குழப்பத்தால். நாவலூரில் என் அலுவலகத்தில் ஆறு பேர் அந்தமான் போவதாக முடிவானது. போவதற்கு முன் டைவிங் கற்றுக்கொள்வதென்றும் முடிவானது. பிறகு அந்தமானைக் கைவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை குவாரிக் கரையில் நான் மட்டும் போய் நின்றேன்.

அக்கா முதல் பூசை முடிந்து சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் மல்லிகைப் பூ. அதை எடுத்து வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, ரப்பர் உடைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

"உள்ள எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"ரொம்பக் குளிருமா?"

"தெரியாது."

"நீங்க எத்தனை வருஷமா இங்க டைவ் பண்றீங்க?"

"பன்னெண்டு."

நான் தண்ணீரை எட்டிப் பார்த்தேன். அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"போன வாரம் எப்டி இருந்துச்சுன்னு கேளு, சொல்றேன். இன்னிக்கு எப்டி கீதுன்னு உள்ள போனாதான் தெரியும்."

இத்தனைக்கும் அந்தக் குவாரியின் தரையில் செருப்புக் காலோடு நடந்தவர் அவர். அவருடைய அப்பா அங்கே கல் உடைத்தவர். பள்ளிக்கூடம் படிக்கும்போது தினமும் மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு லாரிப் பாதை வழியாக அடிவரைக்கும் இறங்கியிருக்கிறார். மோட்டார் ஷெட் எங்கே இருந்தது, அப்பா எந்தப் பாறைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கரையிலிருந்து விரலால் காட்டுவார். காட்டிய இடத்தில் தண்ணீர்தான் இருக்கும்.

"அப்ப உங்களுக்கு அடி எப்படி இருக்கும்னு தெரியுமே!" என்று ஒரு நாள் மடக்கினேன்.

"அப்ப தண்ணி இல்லியே" என்றார்.

தண்ணீரைப் பற்றி அவர் சொன்னது தப்பில்லை என்று எனக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே புரிந்தது. கடலில் அலை இருக்கிறது, நீரோட்டம் இருக்கிறது, ஏதாவது நடக்கப்போகிறது என்றால் பார்வைக்கே தெரியும் என்பார்கள். இங்கே மேலே ஒரு சலனமும் இருக்காது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மாதிரி சும்மா இருக்கும். உள்ளே போனால் முதல் பத்தடி வெந்நீர். அதற்குக் கீழே கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. கோட்டைத் தாண்டினால் குளிர். அந்தக் கோட்டில் நின்றால் இடுப்புக்கு மேலே தாம்பரத்துச் சித்திரை, இடுப்புக்குக் கீழே கொடைக்கானல். கோடு போன வாரம் பத்தடியில் இருந்தால் இந்த வாரமும் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஒன்றும் கட்டாயமில்லை. ஒரு ஞாயிறு பதினைந்தடிக்கு அப்பால் போகும் கெண்டையின் கண் தெரியும். அடுத்த ஞாயிறு, நடுவில் ஒரு சொட்டு மழைகூட இல்லாமல், கூழ். நீட்டிய கையில் மணிக்கட்டு வரைக்கும்தான் சொந்தம். ஒரு டிசம்பரில் நான்கு நாள் குளிர்காற்று அடித்ததில் அடித்தண்ணீர் மேலே வந்து, குவாரி முழுக்க முட்டை அழுகிய நாற்றம். மீனெல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தது.

அக்கா ஓர் எவர்சில்வர் தட்டுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, நடுவில் ஓட்டை போட்டு, நைலான் கயிற்றில் கட்டி வைத்திருந்தார். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு. தட்டைத் தண்ணீரில் இறக்குவார். கண்ணுக்கு மறையும்போது முடிச்சை எண்ணுவார். மூன்று இடத்தில் இறக்கி மூன்று எண்ணையும் சொல்வார். மூன்றும் வேறு வேறாக இருந்தால் சிலிண்டரை வண்டியில் ஏற்றிவிடுவார். நாங்கள் திரும்பிப் போன ஞாயிறுகள்தான் அதிகம்.

இது எல்லோருக்கும் ஒத்துவரவில்லை. அக்காவிடம் கற்ற எங்கள் நாலைந்து பேரோடு அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் ஒருவரும் வந்து சேர்ந்தார். மாலத்தீவில் ஏற்கெனவே ஒரு முறை டைவ் செய்தவர். அவருக்கு எல்லாம் தெரியும். தண்ணீரில் கோடு விழுவது ஏன், மீன் செத்தது ஏன், குவாரியை அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று அக்காவுக்கே வகுப்பெடுத்தார். அக்கா உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு விசிபிலிட்டி எவ்ளோ இருக்கும் மேடம்?"

"தெரியாது சார்."

"அப்ராக்சிமேட்டா?"

"அப்ராக்சிமேட்டாவும் தெரியாது சார்."

மூன்று ஞாயிறு தொடர்ந்து திரும்பிப் போனதும் அவர் வேறொரு பயிற்சியாளரிடம் சேர்ந்தார். அக்கா வேண்டாம் என்று சொன்ன ஒரு நாளிலேயே அவரோடு அதே குவாரியில் இறங்கினார். எடுத்த வீடியோவை எங்களுக்கு அனுப்பினார். கண்ணாடி போன்ற தண்ணீர். மீன் கூட்டம். செயலாளர் இரண்டு கட்டை விரலையும் உயர்த்திக் காட்டுகிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கும் ஆகவில்லை, அதற்குப் பிறகும் ஆகவில்லை. இன்னும் டைவ் செய்துகொண்டிருக்கிறார் என்று கேள்வி.

அக்கா வீடியோவைக் கடைசி வரைக்கும் பார்த்தார். "நல்லாகீது" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

இப்படி ஒருவர் இருந்தால், அதற்குப் பின்னால் ஒரு சோகம் இருந்தாக வேண்டும் என்று ஜனங்கள் எதிர்பார்க்கிறார்கள். அக்காவின் தம்பி அந்தக் குவாரியில் மூழ்கி இறந்தான் என்று எங்கள் குழுவில் ஒரு பேச்சு இருந்தது. உடலை அக்காதான் எடுத்தார் என்றும், அன்றிலிருந்துதான் இப்படி ஆகிவிட்டார் என்றும் சொன்னார்கள். நானும் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பிறகு ஒரு நாள் தயங்கித் தயங்கி அவரிடமே கேட்டேன்.

"எனக்குத் தம்பியே கிடையாது. மூணு அக்காங்க. மூணு பேரும் நல்லாகீறாங்க" என்றார்.

"அப்ப என்னதான்க்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. ஏன், எதனா ஆவணுமா?"

அவருடைய கணவர் இதைப் பற்றிப் பேசுவதில் பிரியமுள்ளவர். பள்ளி வேன் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை கரையில் உட்கார்ந்து, நாங்கள் பிடித்து இறங்கும் கயிற்றைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பெண் பார்க்கப் போன கதையை எனக்கு மட்டும் மூன்று முறை சொல்லியிருக்கிறார்.

"எங்கம்மா கேக்கறாங்க, பையனைப் புடிச்சிருக்காம்மான்னு. இவ சொல்றா, தெரியாது, இப்பதானே பாக்கறேன்னு. எங்க சித்தப்பா செருப்ப மாட்டிக்கினு கிளம்பிட்டாரு. நான் அடுத்த ஞாயித்துக்கெழம தனியா சர்ச் வாசல்ல போய் நின்னேன். எட்டு மாசம் நின்னேன்மா. அப்புறம் ஒரு நாள் வந்து, தெரிஞ்சிடுச்சுன்னு சொன்னா. அவ்ளோதான். அதுக்கப்புறம் நான் ஒரு நாள்கூட சந்தேகப்பட்டதில்ல."

சந்தேகப்படாமல் இருப்பது அவருக்குச் சரி. வாரநாட்களில் அக்கா ஒரு பள்ளியில் நீச்சல் கற்றுத் தந்துகொண்டிருந்தார். சேர்க்கை நாளில் ஒரு தாய், "என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதில்ல மேடம்?" என்று கேட்டிருக்கிறார். அக்கா, "நான் கண்ணை எடுக்க மாட்டேன். அது சத்தியம். ஒண்ணும் ஆவாதுன்னு எனக்குத் தெரியாது" என்றிருக்கிறார். அடுத்த வருஷம் அவரை அந்தப் பள்ளியில் கூப்பிடவில்லை.

அவரிடம் 'தெரியும்' என்பதற்கு ஒரே ஓர் அடையாளம்தான் இருந்தது. அதுவும் தண்ணீருக்குள். உள்ளே பேச முடியாது. பார்வை இருந்தால் கைச்சாடை. பார்வை இல்லாவிட்டால், ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். ஓர் அழுத்தம் என்றால் நில். இரண்டு அழுத்தம் என்றால் வழி தெரியும், என்னோடு வா. பயிற்சியின்போது கண்ணாடிக்குள் கறுப்புத் துணியை வைத்து எங்களைக் குருடாக்கி இதைப் பழக்குவார். மற்ற பயிற்சியாளர்கள் மாணவர் பயப்படாமல் இருக்க இரண்டு அழுத்தத்தைத் தாராளமாகக் கொடுப்பார்களாம். அக்கா ஒன்றுதான் கொடுப்பார். நில். நில். நில். ஒரு முறை நான்கு நிமிடம் நின்றேன். கயிறு கையில் பட்டு, அது எங்கள் கயிறுதான் என்று தடவிப் பார்த்து உறுதி செய்த பிறகு இரண்டு அழுத்தம் வந்தது. நில்லென்று சொன்னால் சலிப்பாக இருக்கும். வா என்று சொல்லிவிட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு போவேன்.

ஒரு ஞாயிறு தட்டு மூன்று இடத்திலும் பதினெட்டு முடிச்சு இறங்கியது. அவ்வளவு நல்ல தண்ணீரை நான் அங்கே பார்த்ததில்லை. அன்றைக்கு என்னைத் தவிர வேறு யாரும் வரவில்லை. இருவரும் கயிற்றைப் பிடித்து முப்பதடிக்கு இறங்கினோம். பழைய லாரிப் பாதை கீழே சாம்பல் நிறத்தில் ஓடியது. கயிற்றை விட்டுப் பாறைச் சுவர் ஓரமாகப் போய்ப் பார்க்கலாம் என்று அக்கா சாடை காட்டினார். கயிறு கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான்.

முதலில் சத்தம் வந்தது. காதில் அல்ல, நெஞ்சில். மாடி வீட்டில் யாரோ பீரோவை நகர்த்துவது போல. நிமிர்ந்து பார்த்தேன். டிகாக்‌ஷனில் பால் விழுந்து பரவுமே, அந்த மாதிரி மேலிருந்து பழுப்பாக ஒன்று சுருண்டு சுருண்டு இறங்கியது. அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் எதுவுமே இல்லை. இருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. கண் திறந்திருக்கிறதா என்பதே தெரியவில்லை. தோளில் கல் ஒன்று உரசிப் போனது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஓர் அழுத்தம். நில்.

நின்றேன். நிற்கிறேனா, கவிழ்ந்திருக்கிறேனா என்று தெரியவில்லை. என் மூச்சுச் சத்தம் மட்டும் நாய் இளைப்பது போலக் கேட்டது. அந்த வேகத்தில் மூச்சு விட்டால் சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கையை உதறிக்கொண்டு மேலே பாய வேண்டும் என்று தோன்றியது. அப்படிப் பாய்ந்தால் நுரையீரல் கிழியும் என்றும் சொல்லித் தந்திருக்கிறார்கள். இரண்டும் ஞாபகம் இருந்தது. இருந்தும் கையை உதறினேன். அக்காவின் பிடி இறுகியது. மறுபடி உதறினேன்.

இரண்டு அழுத்தம் வந்தது.

வழி தெரியும், என்னோடு வா.

எனக்குள் என்னவோ அடங்கியது. அக்கா தெரியும் என்று சொல்லிவிட்டார். இனி என் வேலை மூச்சு விடுவது மட்டும். அவர் இழுத்த பக்கம் மெதுவாகக் காலை அசைத்தேன். கொஞ்ச நேரத்தில் என் இன்னொரு கை பாறையில் பட்டது. சுவர். அதைத் தடவிக்கொண்டே ஏறினோம். இருட்டு செங்கல் நிறமானது. பிறகு டீ நிறம். பிறகு பச்சை. பிறகு யாருடைய பால்கனியிலோ காயும் துணி.

அக்காவின் கணவர் பேன்ட் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று அக்காவின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கரையேறி, மேட்டை நோக்கி ஓடினார். அங்கே ஒரு டிப்பர் லாரி நின்றிருந்தது. எங்கோ அஸ்திவாரம் தோண்டிய மண்ணையும் உடைத்த சுவரையும் குவாரிக்குள் சரித்துவிட்டு, டிரைவர் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார் அக்காவின் கணவர்.

"கீழ ஆள் கீறாங்கன்னு எனக்கு எப்டிண்ணா தெரியும்?" என்றார் டிரைவர்.

அக்காவின் கணவர் சட்டையை விட்டுவிட்டார். அந்தக் கேள்விக்கு வீட்டிலேயே அவரிடம் பதில் இருந்ததில்லை.

அக்கா பாறையில் உட்கார்ந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கட்டிப்பிடித்தேன். அவர் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. தட்டிக்கொடுக்கவும் இல்லை. என் தோளில் கல் உரசிய இடத்தைப் பார்த்து, "டிடி ஊசி போட்டுக்க" என்றார்.

இப்போது அந்தக் குவாரியைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். அக்காவும் கணவரும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வீடு மாறிப் போனார்கள். அங்கே ஒரு நீச்சல்குளத்தில், நாலடித் தண்ணீரில், குழந்தைகளுக்கு அக்கா நீச்சல் கற்றுத் தருகிறார். போய்ச் சேர்ந்த முதல் நாள் நிர்வாகி ஆழம் சரிதானா என்று கேட்டதற்கு, அக்கா கழியை விட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாராம். கணவர் போனில் சொன்னார்.

வீடு மாறுவதற்கு முன், சேலையூரில் என் வீட்டுக்கு அக்கா ஒரே ஒரு முறை வந்தார். அந்த ஞாயிறுக்கு மூன்று மாதம் கழித்து, ஒரு சாயங்காலம். கணவர் கீழே வண்டியிலேயே இருந்தார். அந்த மூன்று மாதமும் அக்கா வகுப்பு வைக்கவில்லை. நான் அதற்குள் கதையை அலுவலகத்தில் மூன்று மாடிக்கும் சொல்லியிருந்தேன். அக்காவுக்குக் குவாரியின் ஒவ்வொரு கல்லும் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு என்னை மேலே கொண்டுவந்தார் என்று.

காபியைக் கையில் வாங்கி, குடிக்காமல் டீப்பாயில் வைத்தார்.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ரெண்டு தபா அழுத்தினேன் இல்ல?"

"ஆமாக்கா."

"எனக்கு வழி தெரியாது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கயிறு எங்க, செவுரு எங்க, ஒண்ணும் தெரியல. கொஞ்ச நேரம் மேல எது கீழ எதுன்னே தெரியல. நீ கையை உதறிக்கினு இருந்த. விட்டிருந்தா மேல பாஞ்சிருப்ப. அதான் அழுத்தினேன்."

"அப்ப செவுரு?"

"போன பக்கம் இருந்துச்சு."

"வேற பக்கம் போயிருந்தா?"

"போவல."

எனக்குப் பயம் வந்தது. தண்ணீருக்குள் வந்திருக்க வேண்டிய பயம், மூன்று மாதம் தாமதமாக, சொந்த வீட்டு சோபாவில், ஃபேனுக்குக் கீழே. அதற்குப் பின்னால் கோபமும் வந்தது.

"இதை ஏன்க்கா இப்ப வந்து சொல்றீங்க? நீங்க அழுத்தினதாலதான் நான் உயிரோட இருக்கேன். அது போதாதா?"

"அதால தானான்னு உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது." காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போன வாரம் ரெண்டு பேர் போன் பண்ணாங்க. உங்க ஆபீஸ்தான். உங்ககூட வந்தா பயமே இல்லியாமே மேடம், எங்களையும் கூட்டிக்கினு போங்கன்னாங்க. நான் இன்னா சொல்றது?"

நான் காபியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

அக்கா பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு நோட்டை எடுத்தார். டைவ் செய்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஆழம், நேரம், தண்ணீர் இருந்த நிலை எல்லாவற்றையும் எழுதி, கூட வந்தவரிடம் கையெழுத்து வாங்கி வைப்பது வழக்கம். அந்த ஞாயிறின் பக்கத்தைத் திறந்து என் பக்கம் தள்ளினார். உருண்டை உருண்டையான எழுத்து. முப்பதடி. மேலே வெதுவெதுப்பு, பன்னிரண்டடிக்குக் கீழே குளிர். பார்வை பதினெட்டு, பிறகு பூஜ்யம். கயிற்றை விட்டது என் முடிவு. வழி தெரியாமல் இரண்டு முறை அழுத்தினேன்.

அடியில் கூட வந்தவர் எழுதுவதற்கு ஒரு வரியும் கையெழுத்துக்கு ஓர் இடமும் காலியாக இருந்தன.

"படிச்சிட்டுப் போடு" என்றார்.

பேனாவை எடுத்தேன். நீங்கள் என் உயிரைக் காப்பாற்றினீர்கள் என்று எழுதலாம். உனக்கு எப்படித் தெரியும் என்பார். நீங்கள் பொய் சொன்னது நல்லதுதான் என்று எழுதலாம். அதற்கும் அதையேதான் சொல்வார். நன்றி என்று எழுதினால் எதற்கு என்பார். கீழே அவர் கணவர் ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டு, அடித்ததற்கு வருந்தியவர் போல நிறுத்திக்கொண்டார்.

'இருவரும் மேலே வந்தோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்கா அந்த வரியை ஒரு முறை படித்தார். விரலை வைத்து இன்னொரு முறை படித்தார். பிறகு நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டு, ஆறிப்போன காபியை எடுத்து முழுவதும் குடித்தார்.